மாட்டு வண்டியில் புத்தர், கூடவே சனியும் புதனும்: சீன ஓவியத்துக்குள் நம்ம கிரகங்கள் வந்தது எப்படி?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சீனப் பட்டு ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 80 சென்டிமீட்டர்தான். நடுவில் ஒரு மாட்டு வண்டி. வண்டியில் உடம்பெல்லாம் ஒளி வீச புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கொடிகள் பறக்கின்றன. கூடவே ஐந்து பேர்.

ஒருவர் கருத்த மேனி, கையில் தடி, பார்த்தால் இந்தியத் துறவி மாதிரி இருக்கிறார். ஒரு பெண் கையில் தூரிகையும் காகிதமும் வைத்திருக்கிறார். வெள்ளை உடுத்திய இன்னொரு பெண், நம்ம வீணைக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும் 'பிபா' என்ற நரம்புக் கருவியை வைத்திருக்கிறார். நான்கு கைகளிலும் ஆயுதங்களோடு ஒருவர் நிற்கிறார். அரசு அதிகாரி உடையில், கையில் காணிக்கைத் தட்டோடு இன்னொருவர்.

இவர்கள் வேறு யாருமில்லை. வரிசையாகச் சொன்னால் சனி, புதன், சுக்கிரன், செவ்வாய், குரு. நம்ம ஊர் சிவன் கோயில்களில் எள் தீபம் ஏற்றிச் சுற்றி வருவோமே, அதே கிரகங்கள்தான்.

ஓவியத்தில் தேதியும் இருக்கிறது. அந்தக் காலச் சீன முறைப்படி, சியன்னிங் ஆட்சியின் 4-ஆம் ஆண்டு, முதல் மாதம், 8-ஆம் நாள். அதாவது கி.பி. 897. செய்தவர் பெயர் ஜாங் ஹுவாய்சிங். அதாவது 1,100 வருஷத்துக்கு முன்னாடியே சனி பகவான் சீனாவில் படமாகிவிட்டார்.

எப்படிப் போனார்? அங்கே ஏன் மாடு ஓட்டுகிறார்? அப்புறம் அந்த ஓவியம் லண்டனுக்கு எப்படி வந்தது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*நடுவில் இருக்கும் புத்தர் யார்?*

பெயர் தேஜப்ரபா. சமஸ்கிருதத்தில் 'சுடர் ஒளி கொண்டவர்' என்று பொருள். சீனத்தில் 'சிஷெங்குவாங் ஃபோ' என்பார்கள். போதி மரத்தடியில் ஞானம் பெற்ற கௌதம புத்தரின் வாழ்க்கைக் கதைக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இவருடைய வேலையே வேறு: கிரகங்களைக் கட்டுக்குள் வைப்பது.

அந்தக் காலச் சீனாவில் கிரகங்கள் என்றால் பயம். ஒரு கிரகம் தப்பான நட்சத்திர மண்டலத்துக்குள் நுழைந்தால் போர் வரும், பஞ்சம் வரும், அரசருக்கு ஆபத்து என்று நம்பினார்கள். வானத்தைக் கவனித்துக் குறித்து வைக்க அரசாங்கமே தனி அலுவலகம் நடத்தியது. இந்தச் சூழலில்தான் தேஜப்ரபாவின் பெயரால் ஒரு மந்திரம் பரவியது. அதைச் சொன்னால் கிரகங்களால் வரும் கெடுதல் விலகும் என்பது நம்பிக்கை. நம்ம பாஷையில் சொன்னால், கிரக தோஷத்துக்குப் பரிகாரம்.

ஓவியத்தை இப்போ திரும்பப் பாருங்க. புத்தர் வண்டியில் போகிறார், கிரகங்கள் பரிவாரமாகக் கூட வருகின்றன. யார் தலைவர், யார் பணியாள் என்பது எழுதிக் காட்டாமலே புரிகிறது. "எங்களை ஆட்டிப் படைக்கும் இந்த ஐந்து பேருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்" என்ற நிம்மதியைத்தான் இந்தப் படம் விற்றது என்றுகூடச் சொல்லலாம்.

*கிரகங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?*

இந்த உருவங்களை ஓவியர் தன் இஷ்டத்துக்கு வரையவில்லை. அக்காலச் சீன ஜோதிட நூல்கள் ஒவ்வொரு கிரகமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கின்றன. முக்கியமான துப்பு தலையில் இருக்கும். ஒவ்வொருவரின் தலை அலங்காரத்திலும் ஒரு மிருகமோ பறவையோ வரும்.

சனி: மாடு. உருவம் பிராமணத் துறவி மாதிரி. நம்ம ஊரில் சனிக்குக் காகம், அங்கே மாடு.

புதன்: குரங்கு. எழுதும் தூரிகையும் காகிதமும் வைத்திருக்கும் பெண்.

சுக்கிரன்: கோழி. வெள்ளைப் பட்டு உடுத்தி இசைக்கும் பெண்.

செவ்வாய்: கழுதை. நான்கு கைகள், எல்லாவற்றிலும் ஆயுதம்.

குரு: பன்றி. நீல உடையில் அமைச்சர் அல்லது உயர் அதிகாரி போன்ற தோற்றம்.

இதில் சில பொருத்தங்களைக் கவனிச்சீங்களா? நம்ம ஜோதிடத்தில் புதன் கல்விக்குரியவர், சீன ஓவியத்தில் புதன் எழுதுகிறார். இங்கே சுக்கிரன் கலைக்குரியவர், அங்கே சுக்கிரன் வாசிக்கிறார். செவ்வாய் ரெண்டு இடத்திலும் சண்டைக்காரர்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. இந்திய மரபில் புதனும் சுக்கிரனும் ஆண்கள். சீனாவில் எப்படிப் பெண்களானார்கள்?

*நடுவில் யார் மாற்றினார்கள்?*

இதற்கு ஆய்வாளர்கள் காட்டும் திசை மேற்கு: ஈரானும் அதைத் தாண்டி மெசொப்பொத்தேமியாவும். பாபிலோனில் வெள்ளிக் கோள் இஷ்தார் என்ற பெண் தெய்வத்துக்குரியது. புதன் கோள் நபூ என்ற தெய்வத்துக்குரியது. நபூ யார் தெரியுமா? எழுத்தர்களின் கடவுள். பாரசீக மரபில் வெள்ளி கையில் இசைக்கருவி வைத்திருக்கும் பெண்ணாக வருகிறாள். சீனப் புதனின் தூரிகையும் வெள்ளியின் பிபாவும் இந்த வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இதைச் சுமந்துகொண்டு வந்தவர்களில் முக்கியமானவர்கள் சோக்தியர்கள். இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்த வியாபாரிகள். பட்டுப்பாதை வணிகத்தில் இவர்கள் இல்லாத சந்தையே கிடையாது. இவர்களுடைய தடயம் சீனப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பழைய சீனப் பஞ்சாங்கங்களில் ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்க 'மி' என்று ஒரு எழுத்தைப் போடுவார்கள். அது சூரியனுக்கான சோக்தியச் சொல்லிலிருந்து வந்தது.

ஆக, இந்த ஒரு ஓவியத்தில் பாபிலோன், ஈரான், இந்தியா, சீனா என நாலு இடத்துக் கற்பனையும் கலந்து நிற்கிறது. 'தூய சீனப் பாரம்பரியம்' என்று லேபிள் ஒட்டுவது கஷ்டம். 'இந்தியாவிலிருந்து அப்படியே போனது' என்று நாம காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதும் அதே அளவுக்குக் கஷ்டம்.

*இந்தியாவின் பங்கு என்ன?*

பங்கு பெரியதுதான். அதற்கு ஆதாரமும் இருக்கிறது.

8-ஆம் நூற்றாண்டில் சீனத் தலைநகர் சாங்கானில் அரசாங்க வானியல் அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் பெயர் 'சூதான் சீதா'. சீன உச்சரிப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கௌதம சித்தா. இந்திய வம்சாவளிக் குடும்பம், சீனாவிலேயே வாழ்ந்தவர். 718-ல் அரசர் உத்தரவுப்படி ஒரு இந்தியக் கணித-வானியல் நூலைச் சீனத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் 'ஜியுஜி லி'. 'ஜியு' என்றால் ஒன்பது, 'ஜி' என்றால் பிடிப்பது. 'கிரஹ' என்ற சமஸ்கிருதச் சொல்லின் நேர்ப்பொருளும் பிடிப்பதுதான். நவக்கிரகம் என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, 'ஒன்பது பிடிப்பவர்களின் பஞ்சாங்கம்' என்று வைத்திருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத ராகுவும் கேதுவும் இந்த வழியில்தான் சீனா போனார்கள். ராகு அங்கே 'லுவோஹோவ்', கேது 'ஜிது'. பெயரை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஜாங் ஹுவாய்சிங்கின் ஓவியத்தில் இவர்கள் இரண்டு பேரும் இல்லை. பிற்கால ஓவியங்களில் வந்துவிடுகிறார்கள். சீனா அதோடும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு கற்பனைக் கோள்களைச் சேர்த்துப் பதினொன்று ஆக்கிவிட்டது.

இதில் தென்னிந்தியக் கண்ணி ஒன்றும் இருக்கிறது. வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி 719-ல் கடல் வழியாகச் சீனாவின் குவாங்ஜோவ் துறைமுகத்தில் இறங்கினார். இவர் தென்னிந்தியர், காஞ்சிபுரத்தோடு தொடர்புடையவர் என்று சீனத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இவருடைய சீடர் அமோகவஜ்ரர். நட்சத்திரங்களையும் கிரகங்களையும் பற்றிய 'சியுயாவ் ஜிங்' என்ற சீன நூல் 759-ல் இந்தச் சீடர் பெயரில்தான் வந்தது.

அந்த நூலை 806-ல் கூகாய் என்ற ஜப்பானியத் துறவி தன் ஊருக்கு எடுத்துப்போனார். விளைவை இன்றைக்கும் ஜப்பான் காலண்டரில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைக்கு அங்கே பெயர் 'காயோபி'. 'நெருப்புக் கோளின் நாள்' என்று அர்த்தம், அதாவது செவ்வாய். புதன்கிழமை 'நீர்க் கோளின் நாள்', சீனக் கணக்கில் நீர்க் கோள் என்றால் புதன்தான். டோக்கியோவில் இருக்கும் ஐ.டி. நண்பரிடம் மீட்டிங் எந்தக் கிழமை என்று கேட்டால், அவர் சொல்லும் கிரகமும் நாம சொல்லும் கிரகமும் ஒன்றேதான்.

*இது வெறும் ஓவியமா, சாமியா?*

மியூசியத்தில் பார்க்கும்போது நாம வண்ணம், கோடு, காலம் என்று பார்ப்போம். இதைச் செய்தவர்களுக்கு இது அந்த மாதிரிப் பொருள் கிடையாது.

சீனக் கோயில்களில் தெய்வ உருவத்துக்கு 'கைகுவாங்' என்று ஒரு சடங்கு உண்டு. உருவத்தின் கண்ணைத் திறந்து வைப்பார்கள். அதற்கப்புறம்தான் அதில் தெய்வம் இருப்பதாக அர்த்தம். நம்ம ஊரில் சிற்பி கடைசியாகக் கண் திறப்பதை நினைத்துப் பாருங்க, புரிந்துவிடும்.

காணிக்கையாகச் செய்து வைக்கும் ஓவியங்களில் அடியில் பாருங்க. செய்யச் சொன்னவர்களின் உருவம் சின்னதாக இருக்கும், பக்கத்தில் வேண்டுதலும் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்திலேயே 910-ஐச் சேர்ந்த ஒரு அவலோகிதேஸ்வரர் ஓவியம் உண்டு. அதில் பெரிய தெய்வ உருவத்துக்குக் கீழே ஒரு பிக்குணியும் ஓர் ஆணும் நிற்கிறார்கள். நாட்டில் அமைதி நிலவணும், இறந்துபோன பெற்றோர் நல்ல உலகத்தில் பிறக்கணும் என்பது வேண்டுதலின் சாரம். யாரோ ஒரு குடும்பத்தின் துக்கம் அது. இப்போ அதற்கு ஒரு பதிவு எண் இருக்கிறது.

இந்த அவலோகிதேஸ்வரர்தான் சீனாவில் 'குவான்யின்'. இந்தக் காலத்து ஓவியங்களில் லேசான மீசையோடு ஆணாக இருப்பார். பிறகு மெல்ல மெல்ல வெள்ளை உடுத்திய பெண் தெய்வமாக மாறினார். இன்று சீனாவில் அதிகம் வணங்கப்படும் தெய்வங்களில் ஒன்று குவான்யின். இவருடைய இருப்பிடம் தென்னிந்தியாவில் கடலோரமாக உள்ள 'போதலகம்' என்ற மலை என்று 7-ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் எழுதினார். அது நம்ம பொதிகை மலைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே அவலோகிதர்தான் என்று 11-ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலான வீரசோழியம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எல்லாத் தெய்வப் படமும் பாதுகாத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை என்றும் நினைக்க வேண்டாம். சீன வீடுகளில் அடுப்பங்கரைக் கடவுள் படம் ஒன்று ஒட்டியிருக்கும். வருஷக் கடைசியில் அவர் வாயில் தேன் தடவி, அந்தக் காகிதத்தைக் கொளுத்தி மேலே அனுப்பிவைப்பார்கள். மேலிடத்தில் போய் வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்லணும் இல்லையா, அதற்குத்தான் தேன். புது வருஷத்துக்குப் புதுப் படம். எரிவதற்காகவே அச்சடித்த இந்த மாதிரிப் படங்கள்கூட இன்று வெளிநாட்டுச் சேகரிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன.

*சரி, 897 ஓவியம் லண்டனுக்கு எப்படிப் போனது?*

ஓவியம் இருந்த இடம், வடமேற்குச் சீனாவின் பாலைவன ஓரத்தில் உள்ள துன்ஹுவாங். அங்கே மொகாவ் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான குடைவரைக் கோயில்கள் உண்டு. அதில் 17-ஆம் எண் குகை ஒரு சின்ன அறை. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ அதைச் சுவடிகளாலும் ஓவியங்களாலும் நிரப்பி, சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். சுமார் 900 வருஷம் யாருக்கும் தெரியாது.

1900-ல் வாங் யுவான்லூ என்ற தாவோயிசத் துறவி அதைக் கண்டுபிடித்தார். கைவிடப்பட்டுக் கிடந்த குகைகளைத் தானாகவே பராமரிக்க ஆரம்பித்தவர் அவர். அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1907-ல் ஆரல் ஸ்டெயின் வந்தார். பிறந்தது ஹங்கேரி, வேலை பார்த்தது பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு. கூட ஜியாங் சியாவ்வான் என்ற சீன உதவியாளர். வாங் லேசில் அசையவில்லை. யுவான் சுவாங்தான் தன் வழிகாட்டி என்று ஸ்டெயின் பேச்சை எடுத்ததும் நிலைமை மாறியது. வாங்கும் யுவான் சுவாங்கின் தீவிர பக்தர். ராத்திரி நேரங்களில் கட்டுக் கட்டாக வெளியே வந்தன. கடைசியில் 24 பெட்டி சுவடிகள், 5 பெட்டி ஓவியங்களும் மற்ற பொருட்களும் கிளம்பின. வாங்குக்குக் கிடைத்தது சுமார் 130 பவுண்டு மதிப்புள்ள வெள்ளி.

அந்தப் பணத்தை வாங் என்ன செய்தார்? குகைகளைப் பழுதுபார்க்கச் செலவு செய்தார். இந்தத் தகவலை மனசில் வைத்துக்கொள்ளுங்க, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

*இதில் டெல்லிக்கும் பங்கு உண்டா?*

உண்டு. ஸ்டெயினின் இந்தப் பயணச் செலவில் 60 சதவீதம் பிரிட்டிஷ் இந்திய அரசு கொடுத்தது, 40 சதவீதம் பிரிட்டிஷ் மியூசியம் கொடுத்தது. கிடைத்ததை அந்தக் கணக்கில் பங்கு போட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி இந்தியாவுக்கு வந்த துன்ஹுவாங் ஓவியங்கள் இன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில், ஜன்பத் சாலையில் இருக்கின்றன.

அதாவது, 'சீனத் தெய்வங்களை வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துப் போனார்கள்' என்ற கதையில் இந்தியாவும் பொருட்களை வைத்திருக்கும் நாடு. காலனி ஆட்சியில் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை என்பது உண்மை. ஆனா நம்ம ஊர் வரிப்பணம் அதில் போயிருக்கிறது, பொருளும் நம்மிடம் இருக்கிறது.

*இரண்டாவது தேஜப்ரபா: ஒரு கூரையின் விலை*

இதே தேஜப்ரபா, இதே கிரகக் கூட்டம், ஆனா பிரம்மாண்டமாக இன்னொரு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகம். அங்கே இருப்பது சுவரோவியம். சுமார் 7 மீட்டர் உயரம், 15 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். நம்ம ஊர்க் கணக்கில் ரெண்டு மாடி உயரம்.

இதன் ஜோடி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் நடுவில் இருப்பவர் மருத்துவ புத்தர். நோய் தீர்ப்பவர். இரண்டும் ஒரே கோயிலின் ஒரே மண்டபத்தைச் சேர்ந்தவை: ஷான்சி மாகாணத்தில் உள்ள குவாங்ஷெங் கோயிலின் கீழ்க் கோயில்.

அந்தப் பகுதியை 1303-ல் பயங்கர நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. சீன வரலாற்றின் மிக மோசமான நிலநடுக்கங்களில் ஒன்று. பிறகு கோயிலைத் திரும்பக் கட்டி, சுவரெல்லாம் தெய்வங்களை வரைந்தார்கள். ஊரே அழிந்து எழுந்த பிறகு வரைந்த ஓவியத்தில் கிரகங்களை அடக்கும் புத்தரும் நோய் தீர்க்கும் புத்தரும் எதிரெதிரே வந்தது தற்செயல் மாதிரித் தெரியவில்லை.

600 வருஷம் கழித்து, 1920-களில், மண்டபம் ஒழுகிச் சிதைந்துகொண்டிருந்தது. சரிசெய்யப் பணமில்லை. அடுத்து என்ன நடந்தது என்பதை யாரும் ஊகிக்க வேண்டாம். கோயில்காரர்களே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1929-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வதன் சாரம் இது: தொலைவிலிருந்து ஒருவர் வந்தார், இந்தச் சுவரோவியங்களைப் பழம்பொருள் பிரியர்கள் விரும்பி வாங்குவார்கள் என்றார். கோயில் துறவி ஊர்ப் பெரியவர்களோடு கலந்து பேசினார். 1,600 வெள்ளிக் காசுகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் கோயிலைப் பழுதுபார்த்தார்கள்.

சுவரைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். வைக்கோல் கலந்த களிமண் பூச்சின் மேல் வரைந்த ஓவியம் என்பதால் பூச்சோடு பெயர்க்க முடிந்தது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் கடை வைத்திருந்த சி.டி.லூ என்ற பெரிய பழம்பொருள் வியாபாரியின் கைக்கு அது போனது. கான்சாஸ் சிட்டிக்காரர்கள் 1930-களின் தொடக்கத்தில் வாங்கினார்கள். இன்னொன்றை ஆர்தர் சாக்லர் 1960-களில் மெட்ரோபாலிட்டனுக்குக் கொடுத்தார்.

துன்ஹுவாங்கையும் குவாங்ஷெங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டு இடத்திலும் பொருளைக் கொடுத்தவர் கோயிலைக் காப்பாற்றத்தான் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் வாங்கியவருக்கு மட்டும் உண்மையான விலை தெரிந்திருந்தது.

*அப்போ இது திருட்டா, வியாபாரமா?*

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? கலைப் பொருட்களைத் திருட்டுத்தனமாகக் கடத்துவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் நடந்தவற்றுக்கு அது செல்லாது. சீனா தன் பழம்பொருள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1930-ல். குவாங்ஷெங் விற்பனை அதற்கும் முந்தையது. கோர்ட்டுக்குப் போனால் மியூசியங்களின் கை ஓங்கும்.

நியாயம் என்ன சொல்கிறது? வாங் யுவான்லூ அந்தக் குகையின் உரிமையாளரே கிடையாது. வெறும் பராமரிப்பாளர். ராத்திரியில், ஊருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்தை நேர்மையான வியாபாரம் என்று சொல்ல முடியுமா? சீனாவில் இதைக் கொள்ளை என்றே பார்க்கிறார்கள். ஸ்டெயின் 1930-ல் நாலாவது முறை வந்தபோது அவர் சேகரித்தவற்றை எடுத்துப்போக சீனத் தரப்பு விடவில்லை.

மியூசியங்களின் பதில் என்ன? நாங்கள் வாங்காமல் விட்டிருந்தால் இவை அழிந்திருக்கும் என்பது வழக்கமான வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அடுத்த சில பத்தாண்டுகள் சீனாவுக்குப் போரும் உள்நாட்டுக் கலவரமுமாகவே போயின.

ஆனா இந்த வாதத்துக்குக் குவாங்ஷெங் கோயிலிலேயே ஒரு பதிலும் இருக்கிறது. அதே கோயிலில் 12-ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட பௌத்த நூல்தொகுதி ஒன்று இருந்தது. 4,000-க்கும் மேற்பட்ட சுருள்கள். 1942-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, சீன எட்டாவது வழிப்படை வீரர்கள் அதை வெளியே எடுத்துப்போய்க் காப்பாற்றினார்கள். இன்று அது பெய்ஜிங்கில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கீழ்க் கோயிலுக்கு அடுத்தே உள்ள நீர்க் கடவுள் கோயிலில், நாடகக் குழு ஒன்றைக் காட்டும் 1324-ஆம் ஆண்டுச் சுவரோவியம் அந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனால்தான் பிழைக்கும் என்பது எப்பவும் உண்மை கிடையாது.

*நாம எங்கே பார்க்கலாம்?*

பட்டு ஓவியங்களுக்கு வெளிச்சம் எதிரி. நிறம் மங்கும், இழை முறியும். அதனால் இவற்றைத் தொடர்ந்து காட்சிக்கு வைக்க மாட்டார்கள். லண்டனுக்கே போனாலும் 897 ஓவியத்தை நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். ஆனா போனிலேயே பார்க்கலாம். பிரிட்டிஷ் மியூசியம், மெட்ரோபாலிட்டன், நெல்சன்-அட்கின்ஸ் மூன்றுமே தங்கள் சேகரிப்பை இணையத்தில் போட்டிருக்கின்றன. உலகம் முழுக்கச் சிதறிய துன்ஹுவாங் பொருட்களை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் சர்வதேசத் திட்டம் ஒன்று 1994-லிருந்து நடக்கிறது.

படத்தைத் திறந்ததும் இந்த நாலு விஷயத்தைத் தேடிப் பாருங்க:

1. யார் பெரிதாக இருக்கிறார்? இந்த ஓவியங்களில் அளவு என்பது தூரத்தைக் காட்டாது, தகுதியைத்தான் காட்டும். பெரியவர்தான் தலைவர்.

2. தலையில் என்ன இருக்கிறது? மாடா, குரங்கா, கோழியா? கிரகத்தின் பெயர் அங்கேதான் இருக்கிறது.

3. கையில் என்ன? தூரிகை, பிபா, ஆயுதம், தட்டு. தொழில் தெரிந்துவிடும்.

4. கீழே மூலையில் யார்? சின்னதாக நிற்கும் மனிதர்கள்தான் காசு கொடுத்தவர்கள். எழுத்து இருந்தால் மொழிபெயர்ப்பைத் தேடிப் படியுங்க. எதற்காக அந்த ஓவியம் உருவானது என்பதை அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், மியூசியம் பக்கத்தில் 'இது எங்களிடம் வந்த விதம்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நெல்சன்-அட்கின்ஸ் சுவரோவியத்துக்குப் பின்னால் ஓர் ஊர்க் கூட்டமும், ஒழுகும் கூரையும், 1,600 வெள்ளிக் காசும் இருந்த மாதிரி, அந்த ஒரு வரிக்குப் பின்னாலும் ஏதாவது இருக்கும்.